சொல்லாமல் கூட்டிப்போகும் தீம் பார்க் பயணம்: வேலூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 7. பிள்ளைகளுக்கு முன்கூட்டித் தெரியாமல் மூன்று முறை தீம் பார்க் கூட்டிப்போயிருக்கிறோம். முதல் முறை சரியாக அமையவில்லை. இரண்டாவது பாதி சரி. மூன்றாவதைப் பற்றி இன்னும் வீட்டில் பேச்சு ஓயவில்லை. அதைக் கேள்விப்பட்டுச் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் பள்ளி வாசலில் நிற்கும் அம்மாக்களும் கேட்ட கேள்விகள் இவை.

வேலூரிலிருந்து எந்தப் பார்க் வசதி?

ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் சென்னைப் பக்கம்தான். பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே, ஸ்ரீபெரும்புதூர் தாண்டிப் பூந்தமல்லிக்கு முன்னால் குயின்ஸ்லேண்ட் இருக்கிறது. நம் ஊரிலிருந்து சுமார் 110 கி.மீ., சென்னை நெரிசலுக்குள் நுழையவே தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும், முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டும் உண்டு. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்தார்கள். அதற்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போனால் சென்னையைத் தொடாமலே போய்விடலாம்.

பெங்களூரு வொண்டர்லா 2005இலிருந்து பிடதியில் இருக்கிறது. அது மைசூரு சாலையில், பெங்களூரைத் தாண்டி. வேலூரிலிருந்து 240 கி.மீ. அளவுக்கு வரும். ஒரே நாளில் போய்வந்தவர்களும் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு அப்படிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு ராத்திரி தங்குங்கள்.

எப்போது சொல்வது? பார்க் வாசலில் போய் நின்றபிறகா?

எல்லாரும் முதலில் நினைப்பது அதைத்தான். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மகளுக்கு அப்போது 9 வயது. சென்னையில் ஒரு கல்யாணம் என்று மட்டும் தெரியும். கல்யாணம் முடிந்து மறுநாள் காலை வண்டியைப் பார்க் வாசலில் நிறுத்தி "பாருங்க!" என்றோம். மகன் குதித்தான். மகள் சிரித்தாள், ஆனால் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்தது. ராத்திரி வீடு திரும்பும்போது கேட்டாள்: "ஏம்மா முன்னாடியே சொல்லல? சொல்லியிருந்தா நேத்தே சந்தோஷமா இருந்திருப்பேன்ல?"

அந்தக் கேள்வி என்னை நிறைய யோசிக்க வைத்தது. பத்து நாளாக நானும் வீட்டுக்காரரும் டிக்கெட் பார்த்தோம், எந்த ராட்டினம் எப்படி என்று பார்த்தோம், ராத்திரியில் குசுகுசுவென்று பேசிச் சிரித்தோம். பயணத்தின் ருசியில் பாதியை நாங்களே அனுபவித்துவிட்டோம். பிள்ளைகளுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள் மட்டும். தீபாவளியை நினைத்துப் பாருங்கள். பட்டாசை வெயிலில் காயவைக்கும் அந்த நாலைந்து நாள்தானே பிள்ளைகளுக்குத் தீபாவளி? காத்திருக்கும் சந்தோஷத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் இப்போது எங்கள் கணக்கு இதுதான். 5 வயதுக்குக் கீழே என்றால் அன்று காலையில் சொன்னால் போதும், அவர்களுக்கு நாளைக்கும் அடுத்த வாரத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. 6 முதல் 10 வரை ஒன்றிரண்டு நாள் முன்னால். அதற்கு மேல் உள்ள பிள்ளைக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லலாம், அப்போதுதான் தோழிகளிடம் சொல்லவும், எதில் முதலில் ஏறுவது என்று திட்டம் போடவும் நேரம் இருக்கும். சொல்லும் விதத்தில் ஆச்சரியத்தை வையுங்கள். நாள் தள்ளிப்போகப் போக ஆச்சரியம் கூடும் என்பது நம் நினைப்புதான்.

சரி, எப்படித்தான் சொல்வது? கடையில் வாங்கும் பெட்டி, பலூன் எல்லாம் வேண்டாம். வீட்டில் இருப்பதை வைத்துச் செய்ய வழி உண்டா?

நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது தினசரி காலண்டர்.

எங்கள் வீட்டில் காலையில் தேதி கிழிப்பது மகன் வேலை. அக்காவோடு சண்டை போட்டு வாங்கிக்கொண்ட உரிமை அது. தேதித் தாளின் கீழே ராசிபலன் ஒரே வார்த்தையில் இருக்கும் அல்லவா? மேஷம் வரவு, ரிஷபம் நன்மை, மிதுனம் அலைச்சல் என்று. மறுநாளைய தாளில் அந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, அதே மாதிரிச் சின்ன எழுத்தில் நான் எழுதினேன். மகன் ராசிக்கு "ராட்டினம்". மகள் ராசிக்கு "நனைதல்". அப்பா ராசிக்கு "தலைசுற்றல்". என் ராசிக்கு "செலவு". மற்ற ராசிகளுக்கெல்லாம் "வீட்டில் இருப்பு".

மகன் தேதியைக் கிழித்துவிட்டுப் போய்விட்டான், கவனிக்கவே இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. பல் தேய்த்துக்கொண்டே வந்த மகள்தான் நின்று படித்தாள். இரண்டு முறை படித்தாள். "டேய், இங்க வாடா" என்று அவள் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு பேரும் காலண்டர் முன்னால் நின்று ஒவ்வொரு ராசியாகப் படித்து, யார் என்ன ராசி என்று ஆயாவிடம் (எங்கள் வீட்டில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓடிக் கேட்டு, அவர்களாகவே கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. நாங்கள் சொல்லியிருந்தால் ஒரே நொடியில் முடிந்திருக்கும்.

இன்னொன்று கோலம். ஆயாவுக்குக் கைவந்த கலை என்பதால் அதை அவர்களிடம் விட்டோம். வாசலில் பெரிய சக்கரம், அதைச் சுற்றி எட்டுத் தொட்டில், ஒவ்வொரு தொட்டிலிலும் வீட்டில் ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து. ஜெயண்ட் வீல் என்று புரிய மகனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் எழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பால்காரரிடமும் காட்டி, மிதிக்காமல் போகச் சொன்னான்.

தபால் அட்டையும் நல்ல வழி. இன்னும் 50 பைசாதான். குழந்தையின் பெயருக்கு, முழு விலாசத்தோடு, மாமா எழுதுவதுபோல எழுதித் தபால் பெட்டியில் போடுங்கள். தன் பெயரில் கடிதம் வருவது இந்தக் காலத்துப் பிள்ளைக்குப் பெரிய அதிசயம். எந்த நாளில் வந்து சேரும் என்று உறுதியில்லாததால் ஒரு வாரம் முன்னாலேயே போட வேண்டும். பரமபதத் தாளை எடுத்துக்கொண்டு, ஏணி முடியும் கட்டங்களில் மட்டும் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, ஆடி முடிக்கும்போது பார்க்கின் பெயர் சேரும்படி செய்த குடும்பத்தையும் எனக்குத் தெரியும். அதற்குப் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டில் மகன் மூன்றாவது பாம்பிலேயே எழுந்து போய்விடுவான்.

டிபன் பாக்ஸில் சீட்டு வைக்கலாமா?

வைத்துப் பார்த்தோம். சொன்னேனே, பாதி சரியான இரண்டாவது முறை, அது இதுதான். இட்லிக்கு மேல் மூடிக்குள் ஒட்டிய சீட்டை மகள் சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, "எங்கப்பாவும் கூட்டிட்டுப் போறேன்னு ரெண்டு வருஷமா சொல்றாரு" என்றதாம். அதைச் சொல்லும்போது மகளின் குரல் இறங்கிவிட்டது. பள்ளியில் வேண்டாம். நாலு பேர் நடுவில் படிக்கிற சீட்டு மற்றப் பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு கேள்வியாகப் போய்ச் சேர்கிறது.

வேலூருக்குள்ளேயே ஒரு புதையல் வேட்டை வைக்க முடியுமா?

இதற்கென்றே அமைந்த ஊர் நம் ஊர். பழைய சொல் ஒன்று இருக்கிறதே, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று, அதையே விடுகதையாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பிள்ளைகளும் சேர்ந்து ஐந்து பேர் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இப்படிச் செய்தோம்.

காலையில் ஒரு சீட்டு: "அரசன் இல்லாத கோட்டைக்கு வா. அகழியில் முகம் பார்க்கும் மாமாவைத் தேடு." கோட்டைக்கு ஓடினார்கள். அகழியைப் பார்த்தபடி மாமா புல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் அடுத்த சீட்டு: "ஒரு காலத்தில் சாமி இல்லாத கோயில். சாமி எந்த ஊரிலிருந்து எந்த வருஷம் வந்தது?" இதற்குப் பதில் தெரியாமல் முழித்தார்கள். உள்ளே போய் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பெரியவர் ஒருவரிடம் கேட்டார்கள். 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தார்கள் என்று அவர் விவரமாகச் சொன்னார். "நம்ம ஊர்லேர்ந்தா!" என்று என் மகன் வாயைப் பிளந்தான். தீம் பார்க்கை விட்டுத்தள்ளுங்கள், அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்த வேட்டையை வைக்கலாம்.

கடைசிச் சீட்டு பாலாற்றுப் பாலத்துக்கு அழைத்தது. காரிலேயே காட்பாடிப் பக்கம் போய், பாலத்தைத் தாண்டி, வண்டி நிறுத்த இடமுள்ள தெருவில் நின்றபிறகு அத்தை உறையைப் பிரித்துப் படித்தார்: "தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்தாச்சு. அலை அடிக்கிற குளத்தைப் பார்த்திருக்கீங்களா?" பெரிய பிள்ளைதான் முதலில் பிடித்தாள், வேவ் பூல் என்று. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், "தண்ணீர் இல்லாத ஆறா? பொய்!" என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சுவரில் சீட்டு ஒட்டுவது, கல்லிடுக்கில் சொருகுவது வேண்டவே வேண்டாம். சீட்டு எப்போதும் ஒரு ஆள் கையில் இருக்கட்டும். பாலத்தின் மேல் யாரையும் இறக்கிவிடாதீர்கள், பேருந்தும் லாரியும் ஓயாமல் ஓடும் இடம்.

எங்கே போகிறோம் என்று கேட்டால் பொய் சொல்லலாமா?

பயமுறுத்தும் பொய்யைச் சொல்லக் கூடாது. நம் ஊரில் வாயில் சட்டென்று வருவது "ஆஸ்பத்திரிக்கு" என்பதுதான். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வைத்தியத்துக்கு வரும் ஊரில் வளரும் பிள்ளைக்கு அந்த வார்த்தை என்னவெல்லாம் ஞாபகப்படுத்தும் என்று நமக்குத் தெரியாது. வழி முழுக்க ஊசியை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். கடைசியில் சந்தோஷம் கிடைத்தாலும் அந்த மூன்று மணி நேரப் பயத்தைத் திருப்பி எடுக்க முடியாது. அடுத்த முறை நிஜமாகவே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்கள் சொல்வதை நம்பவும் மாட்டான்.

திருப்பதிக்குப் போகிறோம் என்றும் சொல்லாதீர்கள். ஆயா மஞ்சள் துணியில் காசு முடிந்து கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் காசுக்கு ஒருமுறை போய்த்தான் ஆக வேண்டும்.

பாதி உண்மை சொல்லலாம். பெங்களூருப் பக்கம் போவதாக இருந்தால் "ஆம்பூரில் பிரியாணி சாப்பிடப் போறோம்" என்று சொல்லுங்கள். நிஜமாகவே ஆம்பூரில் நிறுத்திச் சாப்பிடுங்கள். சாப்பிட்டபிறகு வண்டியை வேலூர்ப் பக்கம் திருப்பாமல் வாணியம்பாடிப் பக்கமே விடுங்கள். எங்கள் அண்ணன் மகன் ஐந்து நிமிடம் சும்மா இருந்தான். அப்புறம் வழிப்பலகையைப் படித்துவிட்டு, "மாமா, நம்ம வீடு அந்தப் பக்கம்" என்றான். என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. பின்சீட்டில் ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, இருந்தும் அவ்வளவு பெரிய ஆச்சரியம்.

ரயிலில் போவதில் ஏதாவது விசேஷம் செய்யலாமா?

சென்னை–பெங்களூரு டபுள் டெக்கர் ரயில் காட்பாடியில் நிற்கிறது. மாடி ரயிலில் ஏறாத பிள்ளைக்கு அதுவே பாதித் தீம் பார்க். காலையில் காட்பாடியில் ஏறினால் மதியத்துக்கு மேல் பெங்களூரு. அன்று ஓய்வு, மறுநாள் பார்க். எங்கள் மூன்றாவது பயணம் இப்படித்தான். காலண்டரில் படித்தது ஒரு ஆச்சரியம், பிளாட்பாரத்தில் மாடி ரயில் வந்து நின்றது இன்னொன்று. அதைப் பற்றி வாயே திறக்காமல் வைத்திருந்தோம். மேல்தளத்தில் இடம் வேண்டுமென்றால் சீக்கிரம் முன்பதிவு செய்யுங்கள். இப்போது 60 நாள் முன்னாலிருந்துதான் பதிவு.

கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனால் நன்றாக இருக்குமே?

வண்டியில் வேண்டாம். உடம்பு ஆடுவதைக் காதின் உள்பகுதி உணர்கிறது, கண்ணுக்கு அந்த ஆட்டம் தெரியவில்லை. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் வாந்தி வரும். ஓடும் வண்டியில் கைப்பேசி பார்க்கும் பிள்ளைக்குக் குமட்டுவதும் இதனால்தான். முன்பக்கச் சாலையைப் பார்க்க விடுங்கள். கண்ணைக் கட்ட ஆசையாக இருந்தால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாசல் வரைக்கும், கையைப் பிடித்துக்கொண்டு.

உயரம் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்களே, அவ்வளவு முக்கியமா?

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் பயணத்தில் மகனுக்கு 4 வயது. வாசலில் விஷயத்தைச் சொன்னதும், அவனுக்கு ஆசை காட்டி ஒரு பெரிய ராட்டினத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டே உள்ளே போனோம். அங்கே அளவுக் கோல் முன்னால் நிறுத்தினார்கள். நுனிக்காலில் நின்றான், கழுத்தை நீட்டினான், இருந்தும் எட்டவில்லை. அங்கிருந்தவர் அன்பாகத்தான் சொன்னார், சொன்னதும் சரிதான். பிழை எங்களுடையது. அவன் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ராட்டினம் சுற்றி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

பெரிய பார்க்குகளில் டிக்கெட்டே வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 செ.மீ. வரை குழந்தை டிக்கெட். வேகமான ரைடுகள் பலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். போகும் முன்பே அந்தந்தப் பார்க்கின் இணையதளத்தில் எந்த ரைடுக்கு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் பிள்ளை ஏறக்கூடியதை மட்டும் காட்டி ஆசையை வளருங்கள்.

ரகசியமாக அளப்பது சுலபம். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அளக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. செருப்பில்லாமல், சாயங்காலம் அளங்கள். படுத்து எழுந்த காலை நேரத்தில் முதுகெலும்பின் நடுவே உள்ள வட்டுகள் தளர்ந்து எல்லாருமே ஒரு செ.மீ. வரை உயரமாக இருப்போம். நாள் போகப் போக அது அமுங்கிவிடும். காலையில் 140 இருந்த பிள்ளை மதியம் மூன்று மணிக்கு வரிசையில் 139 ஆகலாம்.

என் பிள்ளைக்கு உயரம் என்றால் பயம். சொல்லாமல் கூட்டிப்போனால் பயம் தெளியுமா?

தெளியாது, கூடத்தான் செய்யும். பயப்படும் பிள்ளைக்குத் தயாராக நேரம் வேண்டும். முதலில் திருவிழா ராட்டினத்தில் ஏற்றிப் பாருங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனபோது என் மகள் குடை ராட்டினத்தோடு நிறுத்திக்கொண்டாள். தம்பி மேலே போனதைக் கீழேயிருந்து பார்த்துக் கையாட்டினாள். அவளை யாரும் கிண்டல் செய்யக் கூடாது என்று மாமாக்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இப்படிப் பட்ட பிள்ளைக்கு, "நீ எதில் வேண்டுமானாலும் ஏறலாம், எதிலும் ஏறாமலும் இருக்கலாம்" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். தண்ணீர் விளையாட்டே போதும் என்றால் அதுவே போதும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு எப்படி?

அவளிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு நாளில் தண்ணீர்ப் பார்க் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி "சர்ப்ரைஸ்" என்றால் அவளுக்கு அது தண்டனை. நனைந்தால் எந்த உடை வசதி என்று அவளே முடிவு செய்யட்டும். எந்த ஊர், எந்த இடம் என்பதை மட்டும் மறைத்து வையுங்கள். அல்லது அவளையே உங்கள் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு விடுகதை எழுதும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், சின்னவனைவிட அவளுக்குச் சந்தோஷம் அதிகமாக இருக்கும்.

ரகசியம் எப்படியும் வெளியே வந்துவிடுகிறது. என்ன செய்ய?

கைப்பேசிதான் முதல் எதிரி. டிக்கெட் பதிவு செய்ததும் குறுஞ்செய்தி வரும். அந்த நேரம் பிள்ளை கையில் போன் இருந்தால் முடிந்தது கதை. ஒருமுறை தேடிப் பார்த்தால் அப்புறம் ராட்டின வீடியோவாகவே வந்து நிற்கும். பிள்ளைகள் தொடாத போனில் பதிவு செய்யுங்கள்.

ஆயாவிடம் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுச் செய்தால் அவர்கள் மனசு நோகும். ஆனால் சும்மா சொல்லாமல் ஒரு வேலையோடு சொல்லுங்கள். கோலம் போடும் பொறுப்பு கிடைத்தபிறகு எங்கள் ஆயா ஒரு வார்த்தை விடவில்லை. மகன் "ஆயா, நீயும் வர்றியா? எங்க போறோம்?" என்று காலைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவர்கள் புளி கரைத்துக்கொண்டே இருந்தார்கள்.

பெட்டி கட்டுவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே?

பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் கட்டி, வண்டி டிக்கியில் வைத்துவிடுங்கள். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி உதவாது, பெரிய பார்க்குகளில் நைலான் மாதிரியான நீச்சல் உடைதான் வேண்டும் என்பார்கள். அங்கே வாங்கினால் விலை அதிகம், அளவும் கிடைக்காது. இங்கேயே முன்னால் வாங்கி வையுங்கள். துண்டு, மாற்றுத் துணி, ஈரத்துணிக்குத் தனிப் பை, வாந்தி வரும் பிள்ளைக்கு எலுமிச்சம்பழம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புளிசாதத்தை வழியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கைக்குழந்தைக்கான உணவைப் பற்றி மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே மாதம் வேண்டாம். வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரிலிருந்து போகிறவர்களுக்கு வெயில் புதிதில்லைதான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில், மே 4 முதல் 28 வரை, வரிசையில் நிற்பது வேறு. காணும் பொங்கலன்று எங்கும் கூட்டம் தாங்காது. காலாண்டு விடுமுறையின் நடுவில் வரும் ஒரு வார நாள் எங்களுக்கு நன்றாக அமைந்தது. சனி, ஞாயிறைவிட வார நாளில் டிக்கெட்டும் பெரும்பாலும் குறைவு.

இவ்வளவு செலவு எங்களால் முடியாது. சின்னதாகச் செய்ய வழி உண்டா?

தாராளமாக. காலண்டரும் கோலமும் புதையல் வேட்டையும் அப்படியே இருக்கட்டும், போகும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். வேலூரிலிருந்து 25 கி.மீ. தொலைவில் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. வன உயிரினப் பூங்கா, மழைக்குப் பிறகு அருவியும் இருக்கும். ஏலகிரியில் புங்கனூர் ஏரிப் படகு, வளைவு வளைவாக ஏறும் மலைப்பாதை. 7 வயதுப் பிள்ளைக்குப் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து அந்த வளைவுகளில் ஏறுவது ரோலர் கோஸ்டருக்குக் குறைந்ததில்லை.

பெரிய பார்க்தான் வேண்டும், ஆனால் இந்த வருஷம் முடியாது என்றால் உண்டியல் வையுங்கள். எதற்கு என்று சொல்லாமல் உண்டியலின் மேல் ஒரு கேள்விக்குறி மட்டும் வரையுங்கள். பொங்கலுக்குக் கிடைக்கும் காசில் பிள்ளைகளும் போடுவார்கள். உடைக்கிற அன்று பதில் சொல்லுங்கள்.

பிள்ளை முகத்தை வீடியோ எடுக்கலாமா?

எடுங்கள், கைப்பேசியை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு எடுங்கள். பிள்ளை ஆச்சரியப்பட்டு நிமிரும்போது தேடுவது உங்கள் கண்ணைத்தான். "மறுபடி ஒருதரம் குதி" என்று கேட்காதீர்கள்.

சொல்லியபிறகு மழையோ காய்ச்சலோ வந்து பயணம் நின்றுபோனால்?

ஐப்பசி, கார்த்திகையில் இது நடக்கும். அதற்குத்தான் தேதி மாற்ற முடியுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே படித்துப் பார்க்கச் சொல்கிறேன். பிள்ளையிடம் சமாளிக்காமல் நேராகச் சொல்லிவிடுங்கள்: நின்றுவிட்டது, இந்தத் தேதிக்கு மாற்றியிருக்கிறோம் என்று. புதுத் தேதியைப் பிள்ளை கையாலேயே காலண்டரில் வட்டமிட வையுங்கள்.

திரும்பி வந்த மறுநாளே பள்ளி இருந்தால்?

முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ராத்திரி வாலாஜா சுங்கச்சாவடி வருவதற்குள் எங்கள் வண்டியில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். மகனைத் தோளில் தூக்கிப் படியேறிப் படுக்க வைக்கும்போது தலைமுடியில் இன்னும் அந்தக் குளத்துத் தண்ணீர் வாசம் இருக்கும். மறுநாள் பத்து மணிக்கு எழுந்து வந்து, முதல் வேலையாக இரண்டு நாள் தேதியைச் சேர்த்துக் கிழிப்பான். கிழித்ததும் ராசிபலனைக் கிட்டே போய்ப் படித்துப் பார்ப்பான். இப்போது தினமும் படிக்கிறான்.